ரசமட்டம் கட்டிய அரம்

என் அப்பா பிரிமுஸ் ஓகிரிஸ் முப்பத்தொரு வருடங்களாகத் துப்பாக்கிக் குழல்களை அரத்தால் ராவுகிறவர். ஆஸ்திரியாவில் எங்கள் ஊரான ஃபெர்லாக்கில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று துப்பாக்கிப் பட்டறைகள் உண்டு. ஆனால் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஐந்து வருடமும் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "இரும்பு வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவர் பெயர் எந்தத் துப்பாக்கியிலும் இருக்காது. குழலின் மேல் பட்டையில் முதலாளி ட்ராட்னிக்கின் பெயர்தான் செதுக்கப்படும். அதைப் பற்றி அப்பா கவலைப்பட்டதாக நினைவில்லை.

எட்டுப்பட்டைக் குழல்தான் அவர் வேலை. உருண்டைக் குழலைக் கடைசல் இயந்திரமே முடித்துவிடும். எட்டுப்பட்டையையும் இயந்திரம் வெட்டித் தரும், ஆனால் அதன் பல் தடங்கள் மேலெல்லாம் நிற்கும். அந்தத் தடங்களை எடுத்து, எட்டுப் பட்டைகளும் ஒரே அகலத்தில், அடியில் தடித்து நுனியில் மெலிந்து, விளிம்புகள் இழுத்துக் கட்டிய நூல்போல ஓடும்படி செய்வது கையும் அரமும்தான். அரத்தைக் குழலுக்குக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் இழுக்க வேண்டும். ஒரு கை கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் பட்டை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த பட்டையை மட்டும் சரிசெய்து தப்பிக்க முடியாது. மற்ற ஏழையும் அதற்குச் சமமாக இறக்க வேண்டும். பட்டறையில் இதைச் 'சுற்றி வர்றது' என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குழல் இளைக்கும்.

போன நவம்பரில், தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகையில், அப்பாவின் இடது கையிலிருந்து பாட்டுப் புத்தகம் நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அவர் குனிவதற்குள், பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த ஏகிட் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். ஏகிட் அதே பட்டறையில் அப்பாவுக்கு அடுத்த மேஜையில் வேலை செய்பவர். அன்று அவர் ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று கிளாகென்ஃபுர்ட் மருத்துவமனையில் சொன்னார்கள்.

பக்கவாதம். நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. இடது கை அசையவும் செய்தது, பிடிக்கவும் செய்தது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. கொதிக்கும் காபிக் கோப்பையை அந்தக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். அம்மா பாய்ந்து வந்து பிடுங்குவாள்.

படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால், உடல்நலக் குறைவுக்கான ஓய்வூதிய விண்ணப்பத்தை அம்மா என்னிடம் கொடுத்தாள். மார்ச் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். "இடது கையின் உணர்விழப்பால் நுண்ணிய வேலை எதையும் செய்ய இயலாது" என்று எழுதினேன். எழுதிவிட்டு, வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. கையெழுத்துப் போட்டால் அவர் மறுபடி பட்டறைக்குப் போக முடியாது.

ஜனவரி இறுதியில் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"எட்டுப்பட்டை ஒண்ணு வந்திருக்கு, பிரிமுஸ். லெசாஹ் பள்ளத்தாக்கு மாட்டு டாக்டரம்மாவுக்கு. மலையாட்டு வேட்டைக்கு. கனமா வேணும்னு கேட்டிருக்காங்க, நுனியில முழுசா இருபது மில்லிமீட்டர்."

"ஏகிட் இருக்கானே."

"ஏகிட்டுக்கு வேற வேலை இருக்கு. உன் வைஸ் சும்மா கிடக்கு. தூசி தட்டவாவது வந்துட்டுப் போ."

அவர் போன பிறகு அம்மா சொன்னாள். "இரக்கப்பட்டுக் கூப்பிடுறாரு. போய் அந்தக் குழலைக் கெடுத்துட்டு வராதீங்க."

"கெட்டுப்போனா நானே உங்கிட்டச் சொல்றேன், ரோஸ்விதா. அப்புறம் அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுடறேன். போதுமா?"

ஆகவே விஷயம் அந்த ஒரு குழலில் வந்து நின்றது. எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

அப்பா கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தினமும் நான்தான் கூட்டிப்போனேன். அவர் வேலை செய்யும்போது பட்டறை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு வாரமும் வியப்பாக இருந்தது. காலையில் வந்ததும் வெர்னியர் அளவுகோலால் எட்டுப் பட்டைகளின் அகலத்தையும் அளப்பார். எல்லாம் சமம். குழலை ஜன்னல் பக்கம் நீட்டி ஒரு கண்ணை மூடி விளிம்பில் வெளிச்சம் ஓடுவதைப் பார்ப்பார். நேர்கோடு. திரும்பி வரும்போது காரில் பாடிக்கொண்டே வருவார்.

ஒரு சாயங்காலம் கழுத்துத் துணியை மறந்துவிட்டேன் என்று அப்பாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன். அப்பாவின் மேஜையில், குழலைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு முன் ஏகிட் நின்றிருந்தார். அப்பா ராவிய பட்டையைத் திருத்தி, மற்ற ஏழையும் அதற்குச் சமமாக இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"கை தானா சரியாயிடும், யூடி. அதுவரைக்கும் மனசு உடையக் கூடாது. அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். ஒன்பது நாள் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். அது அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன். விண்ணப்பத்தில் அவருக்காக ஒரு வாக்கியம் எழுதியவளும் நான், பட்டறையில் அவருக்காக மௌனமாக இருந்தவளும் நான். இரண்டு இடத்திலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அந்த ஒன்பது நாளும் எனக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் காலை அப்பா அளக்கவில்லை. குழலை ஜன்னலில் நீட்டிவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு பக்கத்து மேஜையைப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"ஏகிட், இங்க வா."

ஏகிட் வந்தார்.

"என் அரம் விடுற கீறல் வலப்பக்கம் சாயும். முப்பத்தோரு வருஷமா அப்படித்தான். இது இடப்பக்கம் சாயுது. இந்தப் பட்டறையில இடக்கைக்காரன் யாரு?"

ஏகிட் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

அப்பா வெர்னியரை எடுத்துக் குழலின் நுனியில் வைத்தார். பட்டைகள் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தார். நுனியின் தடிமன் இயந்திரத்திலிருந்து வந்தபோது இருபத்தொரு மில்லிமீட்டர். அவர் கணக்கில் இன்னும் இருபதைத் தொட்டிருக்கக் கூடாது. இப்போது பதினெட்டு தொண்ணூறு, அதாவது பதினெட்டும் நூறில் தொண்ணூறு பங்கும். பகலில் இவர் ஒரு பட்டையைச் சாய்ப்பார், சாயங்காலம் அவர் எட்டையும் சுற்றி வருவார். இப்படியே போயிருக்கிறது.

"இரும்பைத் தின்னிருக்கோம்டா," என்றார் அப்பா. "நீயும் நானும் பங்கு போட்டு."

செதுக்கு வேலை செய்யும் புர்கா தன் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். "ஒருத்தனுக்கு இரக்கம், இன்னொருத்தனுக்கு வீராப்பு. நடுவுல குழல் இளைச்சுப்போச்சு. எங்க வீட்டுல ரெண்டு பாட்டிமார் குழந்தைய வளர்த்த மாதிரி இருக்கு. ஒருத்தி ஊட்டினது தெரியாம இன்னொருத்தியும் ஊட்டுவா. அங்கயாவது குழந்தை பெருத்துச்சு."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர்தான் துப்பாக்கிகளுக்குக் கட்டை செதுக்குபவர். ஏப்ரன் முழுக்க வால்நட் மரத் தூள். குழலை வாங்கிப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார்.

"பதினெட்டரை. அதுக்குக் கீழ போனா என் பேரைப் போட மாட்டேன். மிச்சத்தை ஏகிட் முடிக்கட்டும், பிரிமுஸ். கோவிச்சுக்காத."

"ரெண்டு வாரம் குடுங்க," என்றார் அப்பா.

முதலாளி யோசித்தார். "ஒரு மில்லிமீட்டர்ல நூறுல நாப்பது பங்குதான் இருக்கு உங்கிட்ட. தெரியுமில்ல?"

"அளந்தது நான்தானே."

அன்று காரில் அவர் பாடவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்று நானும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு அம்மாவின் தம்பி ஸ்டாங்கோ மாமா சாப்பாட்டுக்கு வந்தார். கொத்தனார். அம்மா தயிர்க்கட்டியும் புதினாவும் வைத்து மடித்த காஸ்நூடல் செய்திருந்தாள். மாமா ஐந்தாவதை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மச்சான், மூஞ்சி ஈர சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கு?"

அப்பா சொன்னார். இடது கை எவ்வளவு அழுத்துகிறது என்று தனக்கே தெரிவதில்லை. தெரியாததால் கூட அழுத்துகிறது. பட்டை இடப்பக்கம் இறங்கிவிடுகிறது. முடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது காலம் கடந்துவிடுகிறது.

மாமா வெண்ணெயில் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டார். "உன் கை சாயுதான்னு உன் கையையே ஏன் கேட்டுக்கிட்டு இருக்க? அது பொய் சொல்லுதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே. நான் சுவர் நேரா இருக்கான்னு சுவரையா கேக்குறேன்? ரசமட்டத்த வைப்பேன், குமிழியப் பார்ப்பேன். முடிஞ்சது."

"அரத்துல ரசமட்டமா?"

"ஏன், ஒட்டாதா?"

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். "நான் உன் வீட்டுச் சுவரு கட்டலடா."

"கட்டியிருந்தா இடிஞ்சு விழுந்திருக்கும், மச்சான்," என்றார் மாமா. அம்மா அவர் முழங்கையில் ஒரு அடி வைத்தாள். பேச்சு அதோடு நின்றது.

எங்கள் ஊர்த் துப்பாக்கிப் பள்ளியில் முதல் வருட மாணவன்கூடப் பட்டை தட்டையாக இருக்கிறதா என்று விரலாலேயே கண்டுபிடிப்பான். ரசமட்டம் வைத்து ராவுவது என்றால் அது சொல்லிச் சிரிக்கிற விஷயம். அப்பாவுக்கு அவமானமாகத்தான் இருந்திருக்கும். திங்கள்கிழமை பட்டறையில் அவர் அரத்தைத் தொடவே இல்லை. செவ்வாய் காலை கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், "மாமா வீட்டுப் பக்கம் திருப்பு," என்றார். தானே இறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்துக் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிரித்துக் காட்டினார். நல்ல ரசமட்டம் ஒன்றை உடைத்து எடுத்த கண்ணாடிக் குழாய். பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி.

"புதுசுடி, யூடி. போன மாசம் வாங்கினது. உடைக்கும்போது அவன் ஒண்ணும் சொல்லல," என்றார்.

காரைக் கிளப்பாமலே சொன்னேன். "அப்பா, ஏகிட் செஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும். ஒன்பது நாளா."

அவர் கைக்குட்டையைத் திரும்ப மடித்தார். இடது கை சரியாக மடிக்கவில்லை, வலது கை திருத்தியது.

"அவன்கிட்ட நான் கோவமா பேசினேன், அப்புறம் நன்றியும் சொன்னேன். அன்னைக்கு அவன் போன் பண்ணலன்னா நான் இங்க இல்ல. உங்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல." கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த தடவை சொல்லிடு. கெட்ட சேதின்னாலும் என் சேதி."

பட்டறையில் கண்ணாடிக் குழாயை அரத்தின் முதுகில் ஒட்டுவதற்கு, செதுக்கும் பொருளை அசையாமல் பதித்துவைக்கும் தார் போன்ற கீலைப் புர்கா உருக்கித் தந்தாள். முதலில் அரத்தை ஒரு சமதளத்தில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்படி கண்ணாடியை நகர்த்தினார்கள். கீல் இறுகும்வரை எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலையில எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கணும், பிரிமுஸ்?" என்றார் முதலாளி.

"நீங்க போன மாசம் செதுக்கின கட்டை கொஞ்சம் கோணல்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கும் ஒண்ணு ஒட்டித் தரச் சொல்லவா?"

புர்கா சிரித்த சிரிப்பில் கீல் பாத்திரம் ஆடியது. நவம்பருக்குப் பிறகு அப்பா பட்டறையில் ஒருவரைச் சீண்டியது அன்றுதான்.

நான்கு நாள் ஒரு பழைய குழலில் பழகினார். ராவப்போகும் பட்டை மட்டமாக இருக்கும்படி குழலை வைஸில் இறுக்கிவிட்டு, மெதுவாக இழுப்பார். கண் பட்டையில் இல்லை, குமிழியில். குமிழி வலப்பக்கம் நகர்ந்தால் இடது கை அழுத்துகிறது என்று அர்த்தம். நிறுத்துவார். இடது தோளைத் தளர்த்துவார். மறுபடி இழுப்பார். முன்பு ஒரு பட்டைக்கு எடுத்த நேரம் இப்போது நான்கு மடங்கானது. நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தோள் தாங்கவில்லை. டாக்டரும் அதற்கு மேல் கூடாது என்றார்.

ஐந்தாம் நாள் அந்தக் குழலை வைஸில் ஏற்றினார். ஏகிட் தன் மேஜையிலிருந்து எழவில்லை. அப்பா கூப்பிட்டால் மட்டும் வந்து அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, எல்லோருக்கும் கேட்கும்படி. அது அவர்களுக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு.

"மூணாவது பட்டை, இடப்பக்கம் நூறுல ரெண்டு கம்மி."

"சரி. சுத்தி வர்றேன்."

"பதினெட்டு எம்பது."

"சரி."

மார்ச் இருபத்தாறாம் தேதி எட்டாவது பட்டை முடிந்தது. ஏகிட் எட்டையும் அளந்தார். திரும்ப ஒரு முறை அளந்தார். "பதினெட்டு அறுபத்தஞ்சு. எட்டும்."

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். "விளிம்பு?"

ஏகிட் குழலை ஜன்னலுக்கு நீட்டினார். "நீயே பாரு. நான் சொன்னா நம்ப மாட்ட."

அன்று மாலை அப்பா அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி முதல் தடவையாகப் படித்தார். என் வாக்கியத்தில் நின்றார். "நல்லா எழுதியிருக்க. 'எதையும்'ங்கிறதுதான் அதிகம்." அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்ய முடியும் என்று எழுதச் சொன்னார். புதிதாக எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு எளிய வாக்கியத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை. அம்மா உறையை ஒட்டினாள்.

குழலைத் துப்பாக்கியின் பூட்டில் பொருத்தி, தோட்டா அறை குடைந்து, அரசாங்கச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போனோம். அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாக்களை வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, இல்லையென்றால் வெறும் பழைய இரும்பு. சுவருக்கு அப்பால் இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அப்பா கண்ணை மூடினார். முத்திரையோடு திரும்பி வந்த குழலை ஏகிட் வாங்கி, தன் கோட்டுக்குள் வைத்துப் பட்டறைவரை நடந்தே கொண்டுவந்தார்.

மே மாதம் டாக்டரம்மா கெர்லிண்டே மோஸர் வந்தார். உயரமான பெண்மணி, காலணியில் தொழுவத்துச் சேறு. துப்பாக்கியைத் தோளில் வைத்ததுமே இறக்கினார்.

"லேசா இருக்கே."

முதலாளி தொண்டையைச் செருமினார். அவர் தொடங்குவதற்குள் அப்பா முன்னால் வந்தார்.

"தப்பு என்னோடது, டாக்டரம்மா. இருபது கேட்டீங்க, பதினெட்டரைக்குப் பக்கத்துல போயிடுச்சு. எனக்கு இந்தக் கையில உணர்ச்சி இல்ல. கண்டுபிடிக்கிறதுக்குள்ள நிறைய இரும்பு போயிடுச்சு."

டாக்டரம்மா கேட்டது எங்களில் யாரும் எதிர்பார்க்காத கேள்வி. "உணர்ச்சி இல்லாத கையால இதை எப்படி ராவினீங்க?"

அப்பா அரத்தைக் காட்டினார். டாக்டரம்மா அதைக் கையில் வாங்கிக் குமிழியை இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு குழலின் எட்டு விளிம்புகளையும் ஜன்னலில் பார்த்தார். அவசரப்படவே இல்லை. சுடுதளத்துக்குப் போய் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு வந்தார்.

"குறி அருமை," என்றார். "ஆனா எனக்கு ஆகாது. மூணு மணி நேரம் மலை ஏறிட்டு நின்னா எனக்குக் கை ஆடும். அதுக்குத்தான் கனம் கேட்டேன். இந்தக் குழல் வேண்டாம், வேற போடுங்க."

அப்பா துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சரி. ஏகிட் நல்லாப் போடுவான்."

"ஏகிட் யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க போடுங்க. தப்ப முதல்ல சொல்ற ஆளு எனக்கு வேணும். எங்க ஊர்ல மாட்டை வித்துட்டுத்தான் நொண்டின்னு சொல்லுவாங்க."

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் என்னால முடியும். ஆகஸ்ட் வேட்டைக்குள்ள முடியுமோ என்னவோ."

"முடியலன்னா செப்டம்பர்ல போறேன். ஆடு எங்க போயிடும்?"

முதலாளி புலம்பினார், ஆனால் பலமாக இல்லை. கட்டையில் குழல் படுக்கும் பள்ளத்தைத் தடித்த குழலுக்கு ஏற்ப அகலப்படுத்தினால் போதும்; கூடுதலாக வெட்டியிருந்தால்தான் கட்டையே வீணாகியிருக்கும். இளைத்த குழலை எண்ணெய் தடவி அலமாரியில் வைத்தார். லேசாகக் கேட்டு யாராவது வருவார்களாம்.

இரண்டாவது குழல் ஜூலை கடைசியில் முடிந்தது. நுனியில் இருபது, எட்டுப் பட்டையும். ஏகிட் எண்ணைச் சொன்னபோது புர்கா தன் மேஜையிலிருந்தே கை தட்டினாள்.

செப்டம்பரில் ஒரு நாள் டாக்டரம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். தொப்பியில் பச்சை ஊசியிலைக் கிளை. அடித்த விலங்கின் நினைவாக எங்கள் வேட்டைக்காரர்கள் தொப்பியில் செருகும் கிளை அது. காயம்பட்டு ஓடிய விலங்கை நாய் தேடிக் கண்டுபிடித்தால், அந்த நாயைக் கொண்டுவந்தவருக்குக் கிளையில் ஒரு பாதியை முறித்துக் கொடுப்பது வழக்கம். அவர் தொப்பியைக் கழற்றி, கிளையைப் பாதியாக முறித்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஒரே தோட்டா. கை ஆடல."

அப்பா வாங்காமல் நின்றார். "இது நாய் கொண்டுவர்றவனுக்குல்ல குடுக்கிறது?"

"வாங்கிக்க, பிரிமுஸ்," என்றாள் புர்கா. "நாய்க்கே குடுத்தாலும் வாங்கிக்க வேண்டியதுதான்."

அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பாதியையும் சிறு துண்டுகளாக முறித்தார். ஒரு துண்டு ஏகிட்டுக்கு. ஒன்று புர்காவுக்கு, ஒன்று முதலாளிக்கு. ஸ்டாங்கோ மாமாவுக்கு என்று ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு அடுப்புப் பக்கம் வந்து எனக்கும் ஒரு துணுக்கை நீட்டினார், நான்கைந்து ஊசிதான் இருக்கும். இதை வாங்க நான் என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். பிசின் விரலில் ஒட்டியது. அவர் கையில் மிஞ்சியிருந்தது வெறும் குச்சி. அதைத் தன் தொப்பியில் செருகிக்கொண்டு, நான்கு மணி நேரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று வைஸுக்குத் திரும்பினார்.